தோற்கச் சொல்லி வேண்டிக்கொண்ட லைன்

ப்ளானிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

“பணியில் கற்ற பாடங்கள்” என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்குகிற அளவுக்கு நான் ஒழுங்காக எதையும் கற்றுக்கொண்டதில்லை. துணி எவ்வளவு சுருங்கும், கப்பல் எவ்வளவு தாமதமாகும் என்பதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அது கையை விரித்துவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே நான் ஒருமுறை மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். பாடம் வேண்டுமென்றால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்; எனக்கு வயதாகிவிட்டது, குனிய முடியாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தொடங்கி, சைகோனுக்கு வடக்கே பின் யுவோங் தொழிற்பேட்டையில் முடித்தவள் நான். வியட்நாமில் அக்காவை ‘சி’ என்று கூப்பிடுவார்கள். காலையில் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஃபாக்டரி மொத்தமும் என்னைப் பார்த்து ‘சி, சி’ என்றது. முதல் வாரம் முகம் வாடித்தான் வீட்டுக்குப் போனேன். அது மரியாதை என்று தெரிந்த பிறகு, யாராவது அப்படிக் கூப்பிடாமல் போனால்தான் கோபம் வந்தது.

எங்கள் ஃபாக்டரியில் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகள் தைத்தோம். கால்பந்து என்று பெயர். காலால் தொடுவது எப்போதாவது. அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரணித் தடியர்கள் தன்மேல் வந்து விழுவதற்குள் அதை யாரிடமாவது எறிந்துவிட வேண்டும். ஜெயித்தால் அவன் படம் பெரிதாக வரும், தோற்றாலும் அவன் படம்தான் வரும். நம்முடைய ப்ளானிங் வேலையேதான், உடம்பில் அடி மட்டும் விழாது.

நான் சொல்லப்போகும் அணிக்குத் தோளில் மரங்கொத்திச் சின்னம். அதன் உண்மைப் பெயர் வேண்டாம், மரங்கொத்தி அணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டைகளில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உடம்பு, கை, கழுத்து எல்லாம் முன்கூட்டியே தைத்து அடுக்கிவிடுவோம். முதுகில் ஆட்டக்காரரின் பெயரும் எண்ணும் மட்டும் கடைசி நிமிடம் வரை ஏறாது. ஆட்டக்காரர் அடிபடலாம், வேறு அணிக்குப் போகலாம். பெயர் ஏறிய சட்டை அதன் பிறகு தரை துடைக்கத்தான். பெயர் இல்லாத சட்டையை நாங்கள் தமிழ் ஆட்கள் ‘மொட்டை’ என்போம். மொட்டைகளுக்கு எழுத்து வெட்டி, ஜிக்ஜாக் மெஷினில் ஒவ்வொன்றாகத் தைக்கும் பெண்களின் பிரிவை ‘பெயர் லைன்’ என்போம்.

எங்கள் ஜி.எம். காரைக்குடிக்காரர். அவருக்கு இந்த வழக்கம் வியாபாரம் மட்டுமில்லை, சாஸ்திரமும்கூட. எல்லாப் பெண்களையும் ‘ஆச்சி’ என்று கூப்பிடுவார், அவரைவிட இருபது வயது சின்னவர்களைக்கூட.

“பிள்ளை பொறக்குறதுக்கு முந்திப் பேர் வைக்கப்படாது ஆச்சி,” என்பார். “ஆட்டம் முடியட்டும். அப்பறம் ஊசியத் தொடுங்க.”

அந்த வருடம் மரங்கொத்தி அணியின் மூத்த குவார்ட்டர்பேக்குக்குத் தோள்பட்டை பெயர்ந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பையனை இறக்கினார்கள். இரண்டு ஆட்டம் தாங்கினால் அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பையன் ஜெயித்தான். மறுபடி ஜெயித்தான். அமெரிக்காவில் எல்லோருக்கும் திடீரென்று அவன் பெயர் போட்ட சட்டை வேண்டுமாம்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தப் பத்தியே போதாது. அவனுடைய தாத்தா எந்த நாட்டிலிருந்து கப்பலேறினாரோ, அங்கிருந்த எழுத்தையெல்லாம் கையோடு கொண்டுவந்துவிட்டார். மூத்தவருக்கு நாலே எழுத்து. ஒரு பெண் பேசிக்கொண்டே தைத்துவிடுவாள். பையனின் பெயர் ஒரு தோளில் புறப்பட்டு முதுகைச் சுற்றிக்கொண்டு மறு தோளில் போய் இறங்கும். ஒரு சட்டைக்கு ஆகிற நேரம் இரண்டு மடங்கானது. பெயர் லைன் பெண்களுக்கு அதை வாயில் சொல்லவும் வரவில்லை. அதனால் அவர்கள் அவனை ‘ஊட்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தென் வியட்நாமில் வீட்டின் கடைக்குட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பெயர் லைனுக்குத் தலைவி ஹான். குவாங் நாம் மாகாணத்திலிருந்து வந்தவள். சைகோனிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும் தூரம். நடக்கப் பழகிய வயதில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு எங்களிடம் வேலைக்கு வந்தாள். அவள் பேசியது வியட்நாமிய மொழியில்தான். ஆனால் நான் இங்கே எழுதும்போது என் ஊர்ப் பேச்சு அவள் வாயில் வந்து ஒட்டிக்கொள்கிறது. என் நினைவில் ஹான் திருப்பூர்க்காரி மாதிரிதான் பேசுகிறாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி தெத். தெத் என்பது இவர்களுடைய புத்தாண்டு. நம் பொங்கலும் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்த மாதிரி இருக்கும். வருடம் முழுக்க மெஷினில் குனிந்திருந்த பெண்கள் அந்த ஒரு வாரத்துக்காகத்தான் குனிந்திருப்பார்கள். ஹான் இரண்டு தெத்தாக வீட்டுக்குப் போகவில்லை. முதல் வருடம் டிக்கெட் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் எங்கள் ஆர்டர் விடவில்லை. இந்த வருடம் மூன்று மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இங்கேதான் ஊட் வந்து குறுக்கே நின்றான். அவன் ஆடிய ஆட்டத்தில் மரங்கொத்தி அணி நாக்-அவுட் சுற்றுக்குள் போய்விட்டது. அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இடைவெளி. அதில் ஜெயித்தால் ஒரு கன்டெய்னர் மொட்டைக்கும் அவன் பெயர் தைத்து விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பத்து நாள் ஆகும். ஆட்டத்துக்கு அடுத்த வாரம் தெத்.

ஜி.எம். எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “பையன் ஜெயிச்சா பேர் லைன் மட்டும் தெத்துக்கு இங்கனதான். தோத்தா எல்லாரும் ஊருக்குப் போங்க. மத்தவுகளுக்குக் கவலை இல்லை.” அவர் பேசி முடித்ததும் ஹான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மதியம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“சி, ஜி.எம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சாமி கும்பிடப் போறாராமுங்க. அது எந்தக் கோயிலுங்க?”

தோன் தாத் தியெப் தெருவில் இருக்கும் தண்டாயுதபாணி கோயில்தான். செட்டிநாட்டு வணிகர்கள் அந்தக் காலத்தில் கட்டியது. ஜி.எம்.முக்கு முருகன் மேல் சொந்தக்காரர் உரிமை.

“எதுக்குக் கேக்கறே?”

“எங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவரு ஜெயிக்கோணும்னு கேக்கறாரில்ல? நாங்க தோக்கோணும்னு கேக்கறமுங்க. ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டு சாமி முடிவு பண்ணட்டும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெயர் லைனில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். தட்டில் டிராகன் பழம், சாமந்தி, ஒரு கட்டு ஊதுபத்தி. இவர்கள் ஊதுபத்தியை ஒன்று இரண்டாகக் கொளுத்தமாட்டார்கள்; கருவறையே புகைந்துவிட்டது. ஹான் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது என்ன கேட்டாய் என்றேன்.

“ஊட் தோக்கட்டும்னு கேட்டனுங்க. ஆனா அடிபடாம தோக்கட்டும். அந்தப் பெருசுக்கு ஆன மாதிரி தோள் கீள் போயிறப்படாது. அதையும் சேத்திச் சொல்லிப்போட்டேன்.”

மற்ற பெண்களும் அதையேதான் கேட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் அவன் பெயரைத் தைத்துத் தைத்து, அவன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது அவர்களுக்கு. பாவம், தெத் மட்டும் இல்லையென்றால் அவனுக்காக மொட்டையே போட்டிருப்பார்கள்.

இதற்குள் ஜி.எம். பொங்கலுக்கும் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் காரைக்குடி கிளம்பினார். ஆட்டம் நடக்கும் திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவார். அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம் நடப்பது இங்கே திங்கள் காலை. போகும்போது காரின் கண்ணாடியை இறக்கி, “ஊசி, ஆச்சி, ஊசி,” என்றார். தொடக்கூடாது என்று அர்த்தம்.

பெயர் லைன் சும்மா உட்கார்ந்திருந்தது. தெத்துக்கு முன்னால் இரண்டு வாரம் வேலையே இல்லை, தெத் அன்று தலைக்கு மேல் வேலை. மெஷின்களைத் துடைத்தார்கள், துடைத்ததையே மறுபடி துடைத்தார்கள். நான் போட்ட ப்ளானில் இதைவிட மடத்தனமான பக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் வழக்கம் சரியானதுதானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஒருநாள், எங்களிடம் சட்டை வாங்கும் பையர் ஆபீஸில் வேலை பார்த்த டேரன் என்ற அமெரிக்கரைப் பார்க்க நகரத்துக்குப் போனேன். நல்ல மனிதர், ஒட்டடைக்குச்சி உயரம். ஐஸ் போட்ட பால் காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேராகவே கேட்டேன்.

“அடுத்த சீசனுக்குப் பையனை வைத்துக்கொள்வார்களா, பெரியவருக்குத் தோள் சரியானதும் அவரையே இறக்குவார்களா?”

“எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக்கூடாது,” என்றார். பேச்சு மழை, டிராஃபிக் என்று எங்கெங்கோ போனது. கிளம்பும் நேரத்தில் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

“இரண்டு வயதுக் குழந்தையின் சட்டையில் அந்தப் பெயர் பிடிக்குமா? எழுத்தை எவ்வளவு சின்னதாக வெட்டலாம்?”

“முதுகில் ஆரம்பித்தால் வயிற்றில்தான் முடியும்,” என்றேன். இருவரும் சிரித்தோம். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பின் யுவோங் போகும் நெடுஞ்சாலையில், நாலு பக்கமும் மோட்டார் பைக்குகள் நெருக்க, சிக்னலில் நிற்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. குழந்தைச் சட்டை இந்த சீசனுக்கு வராது. இப்போது அளவு எடுத்தால் அடுத்த சீசன் தொடங்கும்போதுதான் கடைக்குப் போகும். பெரியவர்கள் தங்களுக்கென்றால், அணி ஜெயித்த மறுநாள் ஆவேசத்தில் சட்டை வாங்குவார்கள். குழந்தைக்கு அப்படி வாங்கமாட்டார்கள், அந்த ஆட்டக்காரன் சில வருடமாவது இருப்பான் என்று நம்பினால்தான் வாங்குவார்கள். ஒரு மாத அதிசயத்துக்காக யாரும் இரண்டு வயது முதுகை அளந்து பார்க்கமாட்டார்கள். பின்னால் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாகியிருந்ததோ.

பையன் திங்கட்கிழமை தோற்றாலும் அவன்தான் அடுத்த குவார்ட்டர்பேக் என்று எனக்குப் பட்டது. அப்படியானால் சட்டையில் அவன் பெயரை இன்றைக்கே தைக்கலாம். ஜெயித்தால் ஆட்டம் முடிந்த அன்றே பெட்டி கட்டலாம். தோற்றால் சட்டை அடுத்த சீசனுக்கு விற்கும். இரண்டிலும் பெயர் லைன் தெத்துக்குப் போய்விடும். என் ஊகம் தவறென்றால் ஒரு கன்டெய்னர் சட்டை பாழ், கூடவே நானும்.

டேரனுக்குப் போன் போட்டு, “நீங்கள் கேட்டதற்கு இதுதானே அர்த்தம்?” என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதறிப்போய், “அப்படியெல்லாம் இல்லை, சும்மா கேட்டேன்,” என்றிருப்பார். பிறகு என்னால் தைக்க முடியாது. ஜி.எம்.மையும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் சொல்லப்போகும் ஒரே சொல் எனக்குத் தெரியும். இதை வைத்து, மேலதிகாரியைக் கேட்காமல் எதையும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் செய்தால், தவறிப்போனதும் அவர் முன்னால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

மறுநாள் காலை பெயர் லைனை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். இன்று தொடங்கி ராத்திரியும் தைத்தால் ஆட்டத்துக்கு முன் முடித்துவிடலாம், தெத் பத்திரம் என்றேன். ஹான் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஜி.எம். சரின்னுட்டாருங்களா?”

“அவருக்குத் தெரியாது.”

“தப்பாயிருச்சுன்னா?”

“என் வேலை போகும்.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹான் மட்டும் சிரித்தாள். “போனாப் போகுதுங்க சி. எங்கூட குவாங் நாம் வந்துருங்க. எங்க மாமியா அரிசி அப்பளம் காயப்போடுது, காக்கா ஓட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

பிறகு அவர்கள் தைத்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த நீளப் பெயர் ஒவ்வொரு முதுகிலும் ஏறிக்கொண்டே போனது. எனக்கோ ஒவ்வொரு எழுத்தையும் என் முதுகிலேயே தைப்பதுபோல் இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. பகலில் யாராவது அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவேன்.

சனிக்கிழமை கடைசிச் சட்டை இறங்கியது. ஹான் மறுபடி வந்து நின்றாள்.

“சி, திரும்பவும் கோயிலுக்குப் போகோணுமுங்க.”

“இப்ப எதுக்கு?”

“முன்னாடி கேட்டதை வாபஸ் வாங்கோணுமில்லீங்க? இனி ஊட் ஜெயிச்சா எங்களுக்கு என்ன நட்டம்? சாமி பழைய பேச்சையே நெனப்புல வெச்சுட்டு அவனைத் தோக்கடிச்சுப்போட்டா?”

போனோம். மறுபடி டிராகன் பழம், மறுபடி புகை. குருக்கள் இருமிக்கொண்டே எங்களை ஆசீர்வதித்தார்.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டி, கேன்டீன் சுவரில் பெரிதாகக் காட்டினோம். செய்ய வேலை எதுவும் பாக்கி இல்லாததால் பெயர் லைன் மொத்தமும் அங்கேதான். அதுவரை அவன் ஜெயித்துவிடுவானோ என்று பயந்து கிடந்தவர்கள், அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள். விதி எதுவும் தெரியாது. ஊட் கையில் பந்து வந்தால் எழுந்து நிற்பார்கள், அவன் மேல் தடியர்கள் விழுந்தால் “ஐயோ” என்று தலையில் கை வைப்பார்கள். கூடவே நானும் கத்தினேன்.

ஆட்டம் முடியப்போகும் சமயத்தில் ஜி.எம். உள்ளே வந்தார். விமானம் இறங்கி, கோயிலுக்குப் போய்விட்டு, நேராக வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, கை நிறையக் கல்யாண வீட்டுத் தேன்குழல். பெண்கள் ஊட்டுக்காகக் கூச்சல் போடுவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீகளா ஆச்சி! தெத் போனாலும் போகட்டும்னு நம்ம பிள்ளைக பையன் பக்கம் நிக்கிதுக. கோயில்ல குருக்கள்கூடச் சொன்னாரு, ஒங்க கம்பெனிப் பொண்ணுக ரெண்டு தடவ வந்து வேண்டிட்டுப் போச்சுகன்னு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

நான் தேன்குழலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை.

மரங்கொத்தி அணி கொஞ்சம் பின்னால் இருந்தது. கடைசி எறிதல். பையன் நாலு அடி பின்வாங்கி, ஒரு தடியனிடமிருந்து நழுவி, முழு பலத்தோடு எறிந்தான். பந்து அழகாகப் போய் எதிரணிக்காரன் கையில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது. பையன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஹான் அழுதுகொண்டே என் பக்கம் திரும்பி, “மொத வேண்டுதலைத்தான் சாமி எடுத்துக்கிச்சுங்க,” என்றாள். நல்லவேளை, ஜி.எம்.முக்கு வியட்நாமிய மொழி அவ்வளவாகப் பிடிபடாது.

அவர் பெருமூச்சு விட்டு மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி விடுங்க. நல்ல காலம், எல்லாம் மொட்டையாத்தான் இருக்கு.”

இதைவிட மோசமான ஒரு நிமிடம் என் உத்தியோகத்தில் வந்ததில்லை. தேன்குழலை விழுங்கினேன்.

“சார், மொட்டை எதுவும் இல்லீங்க.”

“என்ன ஆச்சி?”

“பேர் தெச்சாச்சுங்க.”

“எத்தனைக்கு?”

“எல்லாத்துக்குமுங்க.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். டேரன் கேட்டது, நான் ஊகித்தது, தைத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கோயிலில் யார் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை, அது முருகனுக்கும் பெயர் லைனுக்கும் உள்ள விஷயம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தேன்குழல் ஒன்றை எடுத்து உடைத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வயசுப் பிள்ளை முதுகை வச்சு ஒரு கன்டெய்னரத் தச்சிருக்கீக.”

“ஆமாங்க சார்.”

“அடுத்த குவார்ட்டர்பேக் யாருன்னு மார்ச்சு மாசம் சொல்லிருவாக. அதுவரைக்கும் பாப்பேன். அந்தப் பையன் இல்லைன்னா நீங்களும் இல்லை ஆச்சி. கோவத்துல சொல்லலை.”

“சரிங்க சார்.”

அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். “இன்னொண்ணு. தெத்துக்கு விட்டா பாதிப் பேரு திரும்ப மாட்டாக. அதையும் கணக்குல வச்சுத்தானே செஞ்சீக?”

உண்மையில் அதை நான் யோசிக்கவே இல்லை. ஊருக்குப் போன பெண்கள் அங்கேயே தங்கிவிடுவது எல்லா ஃபாக்டரியிலும் நடப்பதுதான். பெயர் லைனில் கை தேர்ந்த ஒருத்தியை உருவாக்க ஒரு வருடம் ஆகும். இருந்தாலும், “வெச்சேனுங்க சார்,” என்று துணிந்து ஒரு பொய் சொன்னேன்.

தெத்துக்கு முன்னால் கேட்டுக்கு வெளியே பஸ்கள் வரிசையாக நின்றன. ஹான் ஒரு பெட்டி, இரண்டு பை, ஒரு கரடிப் பொம்மையோடு ஏறினாள். ஜன்னல் வழியாக, “காக்கா ஓட்ட வரலீங்களா சி?” என்று கத்தினாள். மார்ச் வரை காத்திரு என்று கையைக் காட்டினேன்.

பையனின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மார்ச் மாதம் அந்த அணி, தோள் பெயர்ந்த மூத்தவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, பையனைத்தான் குவார்ட்டர்பேக் என்று அறிவித்தது. ஒரு கன்டெய்னர் சட்டையும் விற்றுப்போய்விட்டது. குழந்தைச் சட்டைக்கும் ஆர்டர் வந்தது. எழுத்தைச் சின்னதாக வெட்டி எப்படியோ முதுகிலேயே அடக்கிவிட்டோம். “நான் ஊருக்குக் கெளம்பும்போதே ஆச்சிகிட்டக் கோடு காட்டிட்டுத்தான் போனேன்,” என்று ஜி.எம். எல்லாக் கூட்டத்திலும் சொன்னார். நானும் தலையாட்டினேன், வேலை நிலைத்ததே பெரிது. பையன் சில வருடம் நன்றாக ஆடினான். அப்புறம் அவனுக்கும் முழங்கால் போனது, அவனையும் நன்றி சொல்லி அனுப்பினார்கள். அவன் இடத்துக்கு வந்தவனுக்கு மூன்றே எழுத்து. பெயர் லைனில் அன்று எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள், ஆனால் சில பெண்கள் அழுதார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இது இல்லை. தெத் முடிந்து ஃபாக்டரி திறந்த காலை. மார்ச் இன்னும் வரவில்லை, பையன் கதை என்னாகும் என்று யாருக்கும் தெரியாது. பெயர் தைத்த பெட்டிகள் கூரை வரை அடுக்கி நின்றன. நான் கேட்டிலேயே போய் நின்றுகொண்டு எங்கள் பெண்களை எண்ணினேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், வெயிலில் கறுத்து, தெத் பலகாரத்தோடு. எல்லோரும் வந்துவிட்டார்கள், ஹான் மட்டும் வரவில்லை. மணி அடித்த பிறகு அவளிடமிருந்து போன் வந்தது.

“சி, நான் வரலீங்க.”

“பஸ் கிடைக்கலியா?”

“கெடைக்குதுங்க. நான்தான் வரலை. நான் போய் எறங்குன அன்னிக்கு கதவத் தட்டுனனுங்க. புள்ளைதான் தொறந்துச்சு. என்னைப் பாத்துட்டு, ‘உள்ள வாங்க அத்தை, எங்கம்மா ஊர்ல இல்லீங்க, சைகோன்ல இருக்குது’ன்னுச்சு. வாரா வாரம் போன்ல பேசறவதான் சி நான். மாஸ்க்கைக் கழட்டிக் காட்டுன பொறகும் அப்படியே பாத்துட்டு நின்னுச்சு.”

அவள் இல்லாமல் பெயர் லைன் பாதி லைன்தான். மார்ச்சில் நான் பிழைத்தால்கூட அடுத்த சீசனை அவள் இல்லாமல் ஓட்ட முடியாது என்று தெரியும். இரண்டு மாதம் வந்து பழக்கிவிட்டுப் போ என்று கேட்டால் வந்திருப்பாள். ஹான் அப்படிப்பட்டவள்தான்.

“வராதே கண்ணு,” என்றேன். “அங்கேயே இரு.”

போனை வைத்தபோது ஜி.எம். பக்கத்தில் நின்றிருந்தார். ஹானின் மெஷின் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“ஹான் எங்க ஆச்சி?”

சொன்னேன். மகள் சொன்னதையும் சொன்னேன். “அதுக்குத்தான் ஆச்சி சொன்னேன், தெத்துக்கு விட்டாத் திரும்ப மாட்டாகன்னு,” என்றார். குரலில் கோபம் இல்லை.

“நீங்க சொன்னது சரிதானுங்க சார்,” என்றேன்.

சரிதான். ப்ளானிங் கணக்குப்படி அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அடுத்த வருடம் தெத்துக்கு நான் பெயர் லைனை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.